டேவி அலிசன் உலங்கு வானூர்தி விபத்து, 1993

டேவி அலிசன் உலங்கு வானூர்தி விபத்து என்பது 1993 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டலடேகா பெருவேக ஓடுகளத்தின் நடுவெளியில் நிகழ்ந்த வான்விபத்து ஆகும். நாஸ்கார் தானுந்துப் பந்தய ஓட்டுநர் டேவி அலிசன், தாமே செலுத்தி வந்த ஹியூஸ் 369எச்எஸ் வகை இலகு உலங்கு வானூர்தியை (ஹெலிகாப்டர்) வேலியிட்ட ஓர் இடத்தில் தரையிறக்க முயன்றபோது, தரையை ஏறத்தாழத் தொட்டுவிட்ட நிலையில் அது திடீரென மேலெழுந்து, சுழன்று விழுந்தது. தலையில் கடுமையாகக் காயமுற்ற அலிசன் மறுநாள் காலை இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. உடன் பயணம் செய்த மூத்த பந்தய ஓட்டுநர் ரெட் ஃபார்மர் காயங்களுடன் உயிர் தப்பினார்.

புகழ்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவரின் மரணம் என்ற அளவில் இவ்விபத்து பரவலாக அறியப்பட்டது. வானூர்திப் பாதுகாப்பு நோக்கில் இது வேறொரு காரணத்துக்காகவும் கருதத்தக்கது. வானூர்தி நிலையம் அல்லாத ஒரு தனியார் இடத்தில் தரையிறங்கும்போது, காற்றின் திசை, சுற்றியுள்ள தடைகள், விமானியின் அனுபவம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து எவ்வாறு ஆபத்தை உண்டாக்குகின்றன என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு ஆகும்.

சுருக்கம்

நாள்: 1993 ஜூலை 12
இடம்: டலடேகா பெருவேக ஓடுகளம், அலபாமா, ஐக்கிய அமெரிக்கா
வானூர்தி வகை: ஹியூஸ் 369எச்எஸ்
பயணித்தோர்: 2
இறந்தவர்: 1
காயமடைந்தவர்: 1
விசாரித்த அமைப்பு: தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்

பின்னணி

டேவி அலிசன் 1961 பெப்ரவரி 25 அன்று புளோரிடா மாநிலத்தில் ஹாலிவுட் என்னும் ஊரில் பிறந்தார். அலபாமாவின் பர்மிங்காம் நகரை அடுத்த ஹியூடவுன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். இவருடைய தந்தை பாபி அலிசன் 1983 ஆம் ஆண்டின் நாஸ்கார் வின்ஸ்டன் கோப்பை வாகையாளர் ஆவார். பாபி அலிசன், அவருடைய தம்பி டானி அலிசன், ரெட் ஃபார்மர் ஆகியோர் ஹியூடவுனைத் தளமாகக் கொண்டு பந்தயங்களில் ஈடுபட்டு வந்தனர். பின்னர் நீல் பானெட், டேவி அலிசன் போன்றோரும் இவர்களோடு இணைந்தனர். இக்குழுவினர் பந்தய உலகில் "அலபாமா கும்பல்" என அழைக்கப்பட்டனர். விபத்து நாளன்று டலடேகாவில் இருந்தவர்களுள் பலர் இக்குழுவையும் அதன் குடும்பங்களையும் சேர்ந்தவர்களே.

டேவி அலிசன் 1987 ஆம் ஆண்டில் வின்ஸ்டன் கோப்பைத் தொடரில் சிறந்த புதுமுக ஓட்டுநர் விருதைப் பெற்றார். அவர் பெற்ற முதல் வெற்றி 1987 மே மாதம் டலடேகா ஓடுகளத்திலேயே கிடைத்தது. பின்னர் 1989, 1992 ஆகிய ஆண்டுகளிலும் அதே ஓடுகளத்தில் அதே பந்தயத்தில் வென்றார். 1988 ஆம் ஆண்டு டேடோனா 500 பந்தயத்தில் தந்தை பாபி முதலிடத்தையும் மகன் டேவி இரண்டாம் இடத்தையும் பெற்றனர். 1992 ஆம் ஆண்டு டேடோனா 500 பந்தயத்தை டேவி வென்றார். மொத்தம் 191 வின்ஸ்டன் கோப்பைப் பந்தயங்களில் கலந்துகொண்டு 19 வெற்றிகளைப் பெற்றார்.

விபத்துக்கு முந்தைய ஓராண்டு அலிசன் குடும்பத்துக்குக் கடினமான காலமாக இருந்தது. 1992 ஜூலையில் பொகொனோ ஓடுகளத்தில் டேவியின் தானுந்து பலமுறை உருண்டு நொறுங்கியது. கை எலும்பும் காறை எலும்பும் முறிந்த நிலையிலும் அடுத்த வாரம் டலடேகா பந்தயத்தை அவரே தொடங்கினார். பின்னர் மாற்று ஓட்டுநர் ஒருவர் தொடர்ந்து ஓட்டினார். 1992 ஆகஸ்ட் 13 அன்று அவருடைய தம்பி கிளிஃபர்ட் அலிசன், மிச்சிகன் ஓடுகளத்தில் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். அவ்வாண்டின் கடைசிப் பந்தயம் அட்லாண்டாவில் நடைபெற்றபோது டேவி 30 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். ஆனால் அவருக்கு முன்னே எர்னி இர்வனின் தானுந்து கட்டுப்பாடு இழந்து சுழல, அதன்மீது மோதி வாகைப் பட்டத்தை இழந்தார். பட்டத்தை வென்ற ஆலன் குல்விக்கி 1993 ஏப்ரல் 1 அன்று டென்னசி மாநிலத்தில் நிகழ்ந்த விமான விபத்தில் இறந்தார். ஒரே பருவத்தில் நாஸ்கார் விளையாட்டு வான்விபத்தில் இழந்த இரண்டாவது முன்னணி ஓட்டுநர் டேவி அலிசன் ஆவார்.

வானூர்தி

விபத்துக்குள்ளான ஹியூஸ் 369எச்எஸ், ஹியூஸ் 500 என்னும் பெயரில் அறியப்படும் இலகு உலங்கு வானூர்தி வரிசையைச் சேர்ந்தது. இவ்வரிசை, ஐக்கிய அமெரிக்கத் தரைப்படைக்காக உருவாக்கப்பட்டு 1963 ஆம் ஆண்டில் முதன்முறை பறந்த ஓஎச்-6 என்னும் வேவு வானூர்தியிலிருந்து தோன்றியது. முட்டை வடிவ உடற்பகுதி, நான்கு தகடுகள் கொண்ட முதன்மைச் சுழலி, பின்புறத்தில் சிறிய வால் சுழலி, சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு சறுக்குச் சட்டங்கள் ஆகியவை இதன் அமைப்பு ஆகும். இது எடை குறைந்தது. விமானியின் அசைவுகளுக்கு மிக விரைவாக எதிர்வினை புரிவது.

இதனை இயக்குவது ஒரு சிறிய வளிமச்சுழலிப் பொறி ஆகும். இப்பொறியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் அலிசன் என்பதே. இப்பெயரொற்றுமை தற்செயலானது, அந்நிறுவனம் இண்டியானாபொலிஸ் பந்தய ஓடுகளத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் அலிசனின் பெயரைத் தாங்கியது.

டேவி அலிசன் இவ்வானூர்தியை விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னரே வாங்கியிருந்தார். நிலை இறக்கை விமானங்களை ஓட்டும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் உலங்கு வானூர்தி செலுத்துவதில் அவருடைய அனுபவம் குறைவாகவே இருந்தது. வாரந்தோறும் வெவ்வேறு மாநிலங்களில் பந்தயங்கள் நடைபெற்றதால், அக்கால நாஸ்கார் ஓட்டுநர்களுள் பலர் சொந்த வானூர்திகளில் பயணம் செய்தனர்.

விபத்து நிகழ்ந்த இடம்

டலடேகா பெருவேக ஓடுகளம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்த பழைய வான்படைத் தளம் ஒன்றின் நிலத்தில் அமைக்கப்பட்டு 1969 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதன் ஒரு சுற்றின் நீளம் 2.66 மைல் (சுமார் 4.28 கிலோமீட்டர்). நாஸ்கார் பந்தயங்கள் நடைபெறும் நீள்வட்ட ஓடுகளங்களுள் இதுவே மிக நீளமானது. பழைய தளத்தின் ஒரு பகுதி டலடேகா நகராட்சி வானூர்தி நிலையமாக ஓடுகளத்தை அடுத்தே அமைந்துள்ளது.

நீள்வட்டத்தின் நடுவே உள்ள பரந்த வெளியில் தானுந்துக் கொட்டகைகள், ஊடக மையம், வாகன நிறுத்துமிடங்கள் முதலியவை உள்ளன. அலிசன் தரையிறங்கத் தேர்ந்தது, இந்நடுவெளியில் ஊடக மையத்தின் அருகே வேலியால் சூழப்பட்டிருந்த ஓர் இடம் ஆகும்.

விபத்து

1993 ஜூலை 11 ஞாயிற்றுக்கிழமை நியூ ஹாம்ப்சயர் ஓடுகளத்தில் முதன்முறையாக நடைபெற்ற வின்ஸ்டன் கோப்பைப் பந்தயத்தில் டேவி அலிசன் மூன்றாம் இடம் பெற்றார். அதுவே அவருடைய கடைசிப் பந்தயமாக அமைந்தது.

மறுநாள், நீல் பானெட்டும் அவருடைய மகன் டேவிட் பானெட்டும் டலடேகாவில் தானுந்துச் சோதனை ஓட்டத்தில் ஈடுபட்டிருந்தனர். டேவிட் பானெட் புஷ் தொடரில் அறிமுகமாவதற்கான முன்னேற்பாடாக இச்சோதனை நடைபெற்றது. இதனைக் காண்பதற்காக டேவி அலிசன் தமது உலங்கு வானூர்தியில் புறப்பட்டார். வழியில் குடும்ப நண்பரான ரெட் ஃபார்மரையும் ஏற்றிக்கொண்டார்.

டலடேகாவை அடைந்த அலிசன், வேலியிட்ட இடத்துக்குள் வானூர்தியை இறக்கினார். சறுக்குச் சட்டங்கள் தரையை ஏறத்தாழத் தொடும் உயரம் வரை அது இறங்கியது. பின்னர் திடீரென ஏறக்குறைய 25 அடி (சுமார் 7.6 மீட்டர்) உயரத்துக்கு எழும்பி, கட்டுப்பாடு இழந்து சுழன்று தரையில் மோதியது.

மீட்பும் சிகிச்சையும்

சோதனை ஓட்டத்துக்காக அங்கிருந்த நீல் பானெட் விபத்து இடத்துக்கு ஓடிவந்து, அரை நினைவுடன் இருந்த ஃபார்மரைச் சிதைவிலிருந்து வெளியே எடுத்தார். நினைவிழந்திருந்த அலிசனை உடனே வெளியே எடுக்க இயலவில்லை. மருத்துவ உதவிக் குழுவினர் வந்த பின்னரே அவர் மீட்கப்பட்டார்.

அலிசன் பர்மிங்காம் நகரில் உள்ள கேரவே மெதடிஸ்ட் மருத்துவ மையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே உறைந்திருந்த குருதி அறுவைச் சிகிச்சை மூலம் அகற்றப்பட்டது. எனினும் மூளையின் செயற்பாடு மீளவில்லை. ஜூலை 13 காலை 7 மணிக்கு அவர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. அவருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தனர். பாபி அலிசன் தம் இரு மகன்களையும் பதினொரு மாத இடைவெளியில் இழந்தார். எலும்பு முறிவுகளுக்கு உள்ளான ஃபார்மர் நீண்ட காலச் சிகிச்சைக்குப் பின்னர் நலம் பெற்று மீண்டும் பந்தயங்களில் கலந்துகொண்டார்.

விசாரணை

ஐக்கிய அமெரிக்காவில் குடிசார் வான்விபத்துகளை ஆராயும் பொறுப்பு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்துக்கு உரியது. 1967 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இவ்வாரியம், ஒவ்வொரு விபத்துக்கும் "நிகழக்கூடிய காரணம்" எனப்படும் முடிவை வெளியிடுகிறது. குற்றம் சாட்டுவதோ இழப்பீடு வரையறுப்பதோ அதன் நோக்கம் அன்று. மற்றொரு விபத்தைத் தடுப்பதே நோக்கம் ஆகும்.

இவ்விபத்தின் காரணமாக வாரியம் பின்வருவனவற்றைக் குறிப்பிட்டது:

1. உயரமான தடைகள் சூழ்ந்த ஒடுங்கிய இடத்தில், காற்று பின்புறமிருந்து வீசும் நிலையில் தரையிறங்க விமானி எடுத்த தவறான முடிவு.
2. பின்காற்றின் விளைவைத் தக்கவாறு ஈடுசெய்யத் தவறியமை.
3. இவற்றுக்குத் துணைக் காரணமாக, உலங்கு வானூர்தி செலுத்துவதில் விமானிக்கு இருந்த அனுபவக் குறைவு.

இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதலாவது, தரையிறக்கம் தொடங்கும் முன்னரே எடுக்கப்பட்ட முடிவு பற்றியது. இரண்டாவது, கடைசி நொடிகளில் செய்ய வேண்டியிருந்த திருத்தம் பற்றியது. மூன்றாவது, அவ்விரண்டையும் சரியாகச் செய்வதற்கு வேண்டிய பழக்கம் பற்றியது.

பின்காற்றில் தரையிறங்குவதன் ஆபத்து

வானூர்திகள் இயன்றவரை காற்றை எதிர்நோக்கித் தரையிறங்க வேண்டும் என்பது விமானிகளுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் விதி ஆகும். உலங்கு வானூர்தி செங்குத்தாக இறங்கவல்லது என்பதால் இவ்விதி அதற்குப் பொருந்தாது எனச் சிலர் எண்ணுவது உண்டு. உண்மையில் பின்வரும் காரணங்களால் அது உலங்கு வானூர்திக்கும் முதன்மையானது.

காற்றுவேகமும் தரைவேகமும்: சுழலியின் தூக்குவிசை, சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகத்தைப் பொறுத்தது, தரையோடு ஒப்பிட்ட வேகத்தைப் பொறுத்தது அன்று. எடுத்துக்காட்டாக, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது எனவும், உலங்கு வானூர்தியின் காற்றுவேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் எனவும் கொள்வோம். எதிர்க்காற்றில் வரும் வானூர்தி தரையோடு ஒப்பிடுகையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பின்காற்றில் வரும் வானூர்தியோ மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். சிறிய இடம் ஒன்றில் நிற்க வேண்டிய விமானிக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது.

தூக்குவிசை இழப்பு: முன்னோக்கி நகரும் சுழலி, ஒரே இடத்தில் மிதக்கும் சுழலியைவிடக் குறைந்த ஆற்றலில் கூடுதல் தூக்குவிசையைத் தருகிறது. காற்றுவேகம் ஏறத்தாழ மணிக்கு 30 முதல் 45 கிலோமீட்டருக்குக் கீழே குறையும்போது இந்நன்மை மறைகிறது. எதிர்க்காற்றில் இறங்கும்போது, தரையில் முற்றிலும் நின்ற பின்னரும் காற்று முன்புறமிருந்து வீசிக்கொண்டிருப்பதால் இந்நன்மையின் ஒரு பகுதி எஞ்சியிருக்கும். பின்காற்றில் வரும்போது, மேற்கண்ட எடுத்துக்காட்டின்படி, தரைவேகம் மணிக்கு 15 கிலோமீட்டராக இருக்கும்போதே காற்றுவேகம் சுழியம் ஆகிவிடுகிறது. வானூர்தி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கையிலேயே அதற்கு மிகுதியான ஆற்றல் தேவைப்படுகிறது. விமானி அவ்வாற்றலைத் திடீரெனக் கொடுக்க நேரிடுகிறது.

திசை நிலைப்பின்மை: உலங்கு வானூர்தியின் நீண்ட வாற்பகுதி, கூரைமேல் உள்ள காற்றுத்திசைகாட்டி போலவே செயற்படுகிறது. காற்று முன்புறமிருந்து வீசினால் வால் தானாகவே பின்னே நிற்கும். காற்று பின்புறமிருந்து வீசினால், வானூர்தி தன்னைத் திருப்பிக்கொண்டு காற்றை எதிர்நோக்க முயலும். இத்திருப்பத்தை விமானி கால்மிதிகளைக் கொண்டு இடைவிடாமல் தடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எதிர்முறுக்கு விசை: முதன்மைச் சுழலி ஒரு திசையில் சுழலும்போது, உடற்பகுதி அதற்கு எதிர்த்திசையில் சுழல முற்படுகிறது. இதனைத் தடுப்பதே வால் சுழலியின் பணி. ஹியூஸ் 369 உள்ளிட்ட அமெரிக்க உலங்கு வானூர்திகளில், மேலிருந்து பார்க்கும்போது முதன்மைச் சுழலி இடஞ்சுழியாகச் சுழல்கிறது. எனவே ஆற்றலைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் மூக்கு வலப்புறம் திரும்ப முற்படும். விமானி இடது கால்மிதியை அழுத்தி அதனை ஈடுசெய்ய வேண்டும். ஆற்றல் திடீரெனக் கூடும்போது இந்த ஈடும் திடீரெனத் தேவைப்படுகிறது.

தரையருகு விளைவு: சுழலியின் விட்ட அளவுக்கும் குறைவான உயரத்தில் வானூர்தி இருக்கும்போது, கீழ்நோக்கித் தள்ளப்படும் காற்றின் ஓட்டத்தைத் தரை தடுப்பதால், மிதப்பதற்குத் தேவையான ஆற்றல் குறைகிறது. ஆகவே தரைக்கு மிக அருகில் ஆற்றலைச் சற்று மிகுதியாகக் கூட்டினாலும் இலகு வானூர்தி துள்ளி எழக்கூடும்.

காற்றினால் உலங்கு வானூர்தி எதிர்பாராமல் திரும்புவது குறித்து ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் வான்போக்குவரத்து நிர்வாகம் 1995 ஆம் ஆண்டில் தனி அறிவுரைச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. குறைந்த வேகத்தில், தாழ்வான உயரத்தில், பின்புறம் அல்லது பக்கவாட்டிலிருந்து காற்று வீசும் நிலையில் பறப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம் ஆகும்.

ஒடுங்கிய இடங்களும் தனியார் தரையிறங்கு இடங்களும்

நில அமைப்பினாலோ மரங்கள், கட்டடங்கள், கம்பிகள், வேலிகள் போன்ற தடைகளினாலோ வானூர்தியின் இயக்கம் ஏதேனும் ஒரு திசையில் கட்டுப்படுத்தப்படும் இடம், உலங்கு வானூர்திப் பயிற்சியில் "ஒடுங்கிய இடம்" எனப்படுகிறது. அத்தகைய இடத்தில் இறங்கும் முன்னர் விமானி கடைப்பிடிக்க வேண்டிய படிநிலைகள் வருமாறு:

* முதலில் உயரத்திலிருந்து இடத்தைச் சுற்றிப் பார்த்து, காற்றின் திசை, தடைகள், இறங்கும் வழி, வெளியேறும் வழி ஆகியவற்றை அறிதல்.
* இறங்கி வரும்போது அதே இடத்தைத் தாழ்வான உயரத்திலிருந்து மீண்டும் ஆராய்தல்.
* எந்தப் புள்ளி வரை முயற்சியைக் கைவிட்டு மேலெழ இயலும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தல்.
* மேலெழுவதற்கு வேண்டிய ஆற்றல் பொறியில் எஞ்சியுள்ளதா எனச் சரிபார்த்தல்.

தடைகள் காற்றின் போக்கையும் மாற்றுகின்றன. கட்டடம் அல்லது சுவரின் மறுபுறத்தில் காற்று சுழன்று, கீழ்நோக்கியும் எதிர்த்திசையிலும் வீசக்கூடும். மேலே ஒரு திசையில் வீசும் காற்று, தடைகளுக்கு இடையே வேறு திசையில் வீசுவதும் உண்டு. வானூர்தி நிலையத்தில் காற்றுத்திசையைக் காட்டும் துணிக்குழல், தடையற்ற அணுகுவழி, காற்று பற்றிய தகவல் முதலியவை பொதுவாகக் கிடைக்கின்றன. தனியார் இடத்தில் இவை பெரும்பாலும் இரா. அங்கே இடத்தைத் தேர்ந்தெடுப்பதும், காற்றை மதிப்பிடுவதும், முயற்சியைக் கைவிடுவதும் விமானி ஒருவரின் பொறுப்பாகவே அமைகின்றன.

ஐக்கிய அமெரிக்காவில், நில உரிமையாளரின் இசைவும் உள்ளூர் விதிகளும் இடமளிக்குமாயின், உலங்கு வானூர்தி பொதுவாகத் தனியார் நிலத்தில் இறங்கலாம். அவ்விடம் முன்கூட்டியே ஆய்வு செய்யப்பட்டுச் சான்றளிக்கப்பட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. உலங்கு வானூர்தியின் பயனே இவ்வுரிமையில்தான் அடங்கியுள்ளது. அதன் ஆபத்தும் அதிலேயே உள்ளது.

அனுபவம் குறித்த படிப்பினை

மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், சில அங்குல இடைவெளியில், பல பத்துத் தானுந்துகளுக்கு நடுவே ஓட்டும் திறன் படைத்தவர் டேவி அலிசன். விரைவாக முடிவெடுப்பதும் நுட்பமாகக் கையாள்வதும் அவருக்கு இயல்பானவை. ஆயினும் ஓர் இயந்திரத்தில் பெற்ற தேர்ச்சி மற்றோர் இயந்திரத்தில் தானாக வந்துவிடுவதில்லை என்பதை இவ்விபத்தின் துணைக் காரணம் உணர்த்துகிறது.

நிலை இறக்கை விமானத்தில் பழகியவருக்கும் இது பொருந்தும். விமானம் போதிய வேகத்தில் பறக்கும்போது பொதுவாகத் தானாகவே நிலைப்பட முனையும். தாழ்வாக மிதக்கும் இலகு உலங்கு வானூர்தியோ ஒவ்வொரு நொடியும் இரு கைகளாலும் இரு கால்களாலும் ஒருங்கே திருத்தப்பட வேண்டியது. ஒரு கட்டுப்பாட்டை மாற்றினால் மற்றவற்றையும் உடனே மாற்ற வேண்டும். இவ்விணைப்பு, சிந்தித்துச் செய்யும் நிலையிலிருந்து பழக்கத்தால் செய்யும் நிலைக்கு மாறுவதற்குப் பயிற்சி நேரம் தேவைப்படுகிறது. அனுபவம் குறைந்த விமானிக்கு மிகச் சிறந்த பாதுகாப்பு, அத்தகைய திறன் தேவைப்படாத இடத்தையும் திசையையும் முன்கூட்டியே தேர்ந்தெடுப்பதே ஆகும்.

பின்விளைவுகள்

அலிசனின் 28 ஆம் எண் தானுந்தை இயக்கி வந்த ராபர்ட் யேட்ஸ் அணி, ஜூலை 18 அன்று நடைபெற்ற பொகொனோ பந்தயத்தில் கலந்துகொள்ளவில்லை. அப்பந்தயத்தில் வென்ற டேல் எர்ன்ஹார்ட், 28 என்னும் எண் பொறித்த கொடியை ஏந்தி, ஆலன் குல்விக்கி பழக்கப்படுத்திய முறையில் எதிர்த்திசையில் வெற்றிச் சுற்று வந்து இருவருக்கும் அஞ்சலி செலுத்தினார்.

ஜூலை 25 அன்று, விபத்து நிகழ்ந்த டலடேகா ஓடுகளத்திலேயே நடைபெற்ற பந்தயத்தில் ராபி கோர்டன் 28 ஆம் எண் தானுந்தை ஓட்டினார். பின்னர் லேக் ஸ்பீட் சில பந்தயங்களில் ஓட்டினார். செப்டம்பர் முதல் எர்னி இர்வன் அவ்விடத்தை ஏற்று, அப்பருவத்திலேயே மார்ட்டின்ஸ்வில், சார்லட் ஆகிய இடங்களில் வென்றார். முந்தைய ஆண்டு அட்லாண்டாவில் அலிசனின் வாகைப் பட்டம் கைநழுவிய மோதலில் தொடர்புடையவரே இர்வன் என்பது குறிப்பிடத்தக்கது.

1993 நவம்பரில் அட்லாண்டாவில் நடைபெற்ற பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்குப் பின்னர், பந்தயத்தை வென்ற ரஸ்டி வாலசும் வாகைப் பட்டம் வென்ற எர்ன்ஹார்ட்டும் குல்விக்கியின் 7 ஆம் எண், அலிசனின் 28 ஆம் எண் ஆகியவற்றைத் தாங்கிய கொடிகளுடன் ஒன்றாகச் சுற்று வந்தனர். பல்வேறு தொடர்களின் சிறந்த ஓட்டுநர்கள் ஒரே வகைத் தானுந்துகளில் போட்டியிடும் ஐராக் தொடரின் 1993 ஆம் ஆண்டு வாகைப் பட்டம் அலிசனுக்கு இறப்புக்குப் பின் கிடைத்தது. அதன் கடைசிப் பந்தயத்தில் அவருக்குப் பதிலாக டெர்ரி லபான்ட்டி ஓட்டினார்.

விபத்து இடத்தில் முதலில் உதவிக்கு வந்த நீல் பானெட், 1994 பெப்ரவரி 11 அன்று டேடோனா ஓடுகளத்தில் பயிற்சியின்போது நிகழ்ந்த விபத்தில் இறந்தார்.

நினைவு

டலடேகா நகரின் மையப் பகுதியில் டேவி அலிசன் நினைவுப் பூங்கா அமைக்கப்பட்டுள்ளது. பந்தய ஓட்டுநர்களைச் சிறப்பிக்கும் நடைபாதை ஒன்றும் அங்கு உள்ளது. 1998 ஆம் ஆண்டில் நாஸ்கார் தனது ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி வெளியிட்ட 50 சிறந்த ஓட்டுநர்களின் பட்டியலில் அலிசன் இடம்பெற்றார். 2019 ஆம் ஆண்டில் நாஸ்கார் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். ஆலன் குல்விக்கியும் அதே ஆண்டில் சேர்க்கப்பட்டார். விபத்தில் உயிர் தப்பிய ரெட் ஃபார்மர் 2021 ஆம் ஆண்டுக்குரிய குழுவில் இப்புகழரங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாபி அலிசன் 2024 நவம்பர் 9 அன்று காலமானார்.

ஒத்த விபத்து

தானுந்துப் பந்தய உலகோடு தொடர்புடைய மற்றோர் இலகு உலங்கு வானூர்தி விபத்து 2007 செப்டம்பர் 15 அன்று இசுக்கொட்லாந்தில் நிகழ்ந்தது. 1995 ஆம் ஆண்டின் உலக ராலி வாகையாளர் காலின் மெக்ரே, லானார்க் நகருக்கு அருகே உள்ள தமது இல்லத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, அவர் செலுத்திய ஏஎஸ்350 வகை வானூர்தி மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் விழுந்தது. அவரும் உடன் சென்ற மூவரும் இறந்தனர். ஐக்கிய இராச்சியத்தின் வான்விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, விபத்தின் காரணத்தை அறுதியிட்டுக் கூற இயலவில்லை எனத் தெரிவித்தது. பள்ளத்தாக்கில் தாழ்வாகவும் வேகமாகவும் பறந்தமையால் பிழைகளைத் திருத்திக்கொள்ளப் போதிய இடைவெளி இல்லாமற் போனதை அது சுட்டிக்காட்டியது. 2011 ஆம் ஆண்டில் நிறைவுற்ற நீதிமன்ற விசாரணை, அவ்வாறு தாழ்வாகப் பறந்திராவிடில் விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என முடிவு செய்தது.

இரு விபத்துகளிலும் இயந்திரமும் சூழலும் வேறு. ஆயினும் தரையோடு மிக நெருங்கிய நிலையில், திருத்திக்கொள்வதற்கான இடமும் நேரமும் குறுகிப்போனமை இரண்டுக்கும் பொதுவானது. டலடேகாவில் அந்த இடைவெளி 25 அடியாகவும் சில நொடிகளாகவும் இருந்தது.